சஹனிலிருந்து எழுந்தது

லம்பா லைன்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷாஹினாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக. இங்கே வாப்பாவும் தம்பி அப்ஸலும் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நெட்வொர்க்கும் பாதியில் போய்விடும்.

பெருநாளைக்கு வந்திருந்தாயே, சஹன் தட்டைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் நான் எழுந்துபோனேன். நான் கோயம்புத்தூர் வேலைக்குப் போனதில் உம்மாவுக்கு இன்னும் கோபம், என்னோடு ஒரே தட்டில் கைவைக்கக்கூடப் பிடிக்கவில்லை என்று வாப்பாவிடம் சொன்னாயாம். இத்தனை மாசம் உள்ளே வைத்திருந்து நேற்றுதான் சொல்கிறார், இந்த மனுஷர் ஹேடோவில் கடை வைத்திருக்கக் கூடாது, உளவுத்துறையில் இருந்திருக்க வேண்டும். கோபமில்லை மகளே. அன்றைக்கு ஒரு கவளம் நெஞ்சுக்குள் நின்றுவிட்டது, இறங்கவும் இல்லை, திரும்பி மேலே வரவும் இல்லை. நீங்கள் சிரிப்பதைக் கேட்டபடி சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்து உட்கார ஆசைதான், பயம் விடவில்லை.

நெஞ்செரிச்சல்தானே என்று வருஷக்கணக்கில் மாத்திரையில் ஓட்டினேன். இரைப்பையின் வாசலில் இருக்கும் தசை தளர்ந்து புளிப்பு மேலே ஏறுகிறதாம், சாப்பாட்டைக் கீழே தள்ளும் தசையும் தக் கயா ஹோகா, களைத்திருக்கும் என்றார் டாக்டர். அதைச் சோதிக்க நம் தீவில் வசதியில்லையாம், சென்னையில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, தண்ணீரை விழுங்கச் சொல்லி அழுத்தம் அளப்பார்களாம். தசைக்குத் தள்ளும் பலம் இருந்தால் ஆபரேஷன் செய்து வாசலை இறுக்கலாம். பலமில்லாமல் இறுக்கினால் சாப்பாடு மேலேயே தங்கிவிடுமாம், பிறகு காலத்துக்கும் கஞ்சிதான் என்று நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வீட்டில் தனித்தனித் தட்டு. ஹோட்டல் மாதிரி இருக்கு உம்மா, பில்லை எப்போ கொண்டுவருவீங்க என்கிறான் அப்ஸல். சிரிக்கிறேன், ஆனால் சஹனில் இறைச்சித் துண்டை யாருக்கும் தெரியாமல் என் பக்கம் தள்ளிவிடுவாயே, அந்தக் கை இல்லாமல் எனக்குச் சாப்பாடு சாப்பாடாகவே இல்லை.

பத்தாம் தேதி சோதனை. வாப்பா கூட வருகிறார், ஆனால் அவர் பயத்தில் நர்ஸோடு சண்டை போடுவார். லீவு கிடைத்தால் நீயும் வா. ரிசல்ட் என்னவாக வந்தாலும் அன்று இரவு உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். குழைத்த சோறாக இருக்கும், நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன். உன் பசி ஆறிய பிறகும் எழுந்துவிடாமல் கூடவே உட்கார்ந்திரு.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தரட்டும். இரவில் சாப்பிட்ட உடனே படுத்துவிடாதே.

உன்மேல் கோபமே இல்லாத,
உம்மா ஆசியா