மேடு ஏறாத எருமை

மார்ச் 3, செவ்வாய்

இன்று எருமை என் மானத்தை வாங்கிவிட்டது.

இந்தப் பழைய டீசல் ஜீப்பை இத்தனை வருஷமாகச் செல்லமாகத்தான் எருமை என்று கூப்பிட்டேன். இன்று அது நிஜமாகவே எருமை மாதிரி நடந்துகொண்டது. மேட்டு உச்சியில் இருக்கிற பாறைத் திருப்பத்துக்குக் கீழே, ஆக்சிலேட்டரைத் தரைவரைக்கும் அழுத்தியும் வேகம் செத்துக்கொண்டே போனது. மூன்றாவது கியர், இரண்டாவது, கடைசியில் முதல் கியர். பின்னால் நர்சம்மாவும், காலில் கட்டுப் போட்ட ஒரு பெரியவரும். "நான் வேணா இறங்கித் தள்ளட்டுமாம்மா?" என்று கேட்டார் அந்தக் கால் உடைந்தவர். கேட்டாரே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக அந்த மேட்டைத் தாண்டியே ஆகவேண்டும். வேறு வழி கிடையாது, வேறு வண்டியும் கிடையாது. நாத்தனார் நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு வண்டி இப்படி நின்றால்?

இன்றைக்கு ஒரே ஆறுதல், என் வீட்டுக்காரர் போன வாரம் போட்டுக்கொடுத்த ரப்பர் பாய். கால் வைக்கும் இடம் முழுக்க அளவெடுத்து வெட்டி, ஓரமெல்லாம் தரைப் பலகையில் ஆணி அடித்திருக்கிறார். தச்சு வேலை செய்கிற கை அல்லவா. மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

மார்ச் 4, புதன்

பட்டறை. கரி அண்ணன் (அந்த நெற்றியை நான் கரி இல்லாமல் பார்த்ததே இல்லை) முதலில் கேட்டது புகையைப் பற்றி.

"புகை எப்படி வருது தங்கச்சி?"

"புகையே வரலண்ணே."

"கறுப்பா வந்தா காத்து பத்தலன்னு அர்த்தம். ஒண்ணுமே வரலன்னா டீசல் பத்தல. எங்கயோ தொண்டை அடைச்சிருக்கு."

டீசல் ஃபில்டரை மாற்றினார். பழையதை வெட்டிக் காட்டினார். அப்படியொன்றும் அழுக்கில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றார்.

மார்ச் 6, வெள்ளி

புது ஃபில்டர். அதே நொண்டி. என்னால் நம்பவே முடியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டு முற்றத்திலேயே டேங்க்கைக் கழற்றினேன். அடியில் சேறோ தண்ணீரோ தேங்கியிருக்கும் என்று சத்தியமே செய்திருப்பேன். உள்ளே பார்த்தால் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது! டீசல் போகிற குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, உள்ளே தெரிகிற குழாய் போட்டுப் பார்த்தேன். ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை. எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இவர்தான் வாளி பிடித்தார், டார்ச் பிடித்தார். பாவம், பொறுமையாகத்தான் நின்றார். நடுவில் ஒரு கேள்வி: "வேகம் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லதுதானே? மெதுவா போயிட்டு மெதுவா வந்தா என்ன?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "வேகம் வேற, இழுவை வேறயாங்க? ரெண்டும் அதே டீசல்தான்! மேட்டுல நின்னுபோச்சுன்னா உங்க தங்கச்சிய தோள்ல தூக்கிட்டா போவீங்க?"

அவர் முகம் செத்துப்போனது. கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. தங்கை என்றால் உயிர். இப்படிப் பட்டென்று சொல்லியிருக்கக் கூடாது.

போன மாதம் மழையில் வண்டி வழுக்கி, ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கியதே, அதிலிருந்தே மனிதர் ஒரு மாதிரிதான். நான் அன்றைக்கே சிரித்து மறந்துவிட்டேன். இவர் அதன்பிறகு என் வண்டியில் ஏறவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

நேற்றிலிருந்து எருமை பட்டறையில். பம்ப், நாசில் எல்லாம் சோதித்தாயிற்று. எல்லாம் சரி!

கரி அண்ணன் பானெட்டைத் திறந்து, ஆக்சிலேட்டர் கம்பி போய்ச் சேர்கிற பம்ப் லீவரைக் கையால் இழுத்தார். எஞ்சின் போட்ட சத்தத்தில் பட்டறைக் கூரைத் தகரம் அதிர்ந்தது. "பாத்தியா? உடம்புல ஒரு நோவும் இல்ல. மனசுலதான் ஏதோ இருக்கு உன் எருமைக்கு" என்றார். சிரிப்பு வரவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஏற்றத்தில் ஓட்டினேன். பழைய முனகல்.

நின்ற இடத்தில் கர்ஜிக்கிறது, ஏற்றத்தில் முனகுகிறது. ஒரே எஞ்சின். எப்படி? எப்படி முடியும் இது?

நர்சம்மா வந்து நாத்தனாரைப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். வீட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கவே முடியாது, அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்றார். இவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மார்ச் 12, வியாழன்

எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நேற்று மாலைதான் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்து வந்தேன். இன்று விடிந்ததும் நாத்தனாருக்கு வலி. அடுத்த வாரமாவது ஒன்றாவது! பின் இருக்கையில் அவளைப் படுக்கவைத்து, தலையை இவர் மடியில் தாங்கிக்கொண்டார். கால்மாட்டில் நர்சம்மா. இவர் என் வண்டியில் ஏறிவிட்டாரே என்று நினைக்கக்கூட நேரமில்லை.

பாறைத் திருப்பத்துக்குக் கீழே எருமை நின்றுவிட்டது. முழுசாக நின்றுவிட்டது. கொஞ்சம் பின்னால் உருளவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே இடத்தில் அணைந்தது. நாத்தனார் போட்ட கத்தல் - அது மனுஷக் குரலே இல்லை. "நேரமில்லம்மா, எப்படியாவது ஏத்து" என்றார் நர்சம்மா. நான் ஸ்டியரிங்கில் அடித்து அழுதுகொண்டே மூன்றாம் முறை கிளப்பினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து இவர் கத்தினார்.

"பாயத் தூக்கு! ஆக்சிலேட்டருக்கு அடியில கட்டை இருக்கு!"

எனக்குப் புரியவில்லை. "என்ன கட்டை?"

"நான்தான் வச்சேன்! எடு! எடுடி!"

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'டி' போட்டு ஒரு தடவை கூடக் கூப்பிட்டதில்லை.

பாயைப் பிய்த்தேன். ஆணியில் விரல் கிழிந்தது. இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டை. கறுப்புப் பெயிண்ட் அடித்து, முனையெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று இழைத்திருந்தது. பாய்க்கு அடியில் ஒளித்துவைக்கிற கட்டைக்கு யார் இவ்வளவு பார்த்துப் பார்த்து மெருகு போடுவார்கள்? வேறு யார்?

பிடுங்கிப் பக்கத்து இருக்கையில் எறிந்துவிட்டு மிதித்தேன். கால் கீழே போனது, இன்னும் போனது, போய்க்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் பாதி தூரத்தைத்தான் நான் தரை என்று நினைத்திருக்கிறேன்! எருமை ஒரு உறுமல் உறுமி, கறுப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு ஏறியது. அந்தப் புகையைக் கண்ணாடியில் பார்த்து நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

ஆபரேஷன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் இவர் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கேட்டேன்.

"ஏன்?"

"அன்னைக்கு அந்தப் பள்ளத்தப் பாத்ததுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீ வண்டி எடுத்துட்டுப் போனா திரும்பி வர்ற வரைக்கும் கை ஓடல, கால் ஓடல. சொன்னா நீ சிரிப்ப. வேகம் மட்டும் குறையும்னு நெனச்சேன். மேடு ஏறாதுன்னு சத்தியமா தெரியாது."

"எப்போ தெரிஞ்சுது?"

"டேங்க்கக் கழட்டினோமே, அன்னைக்கு. நீ கத்தினப்போ."

டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாரே! தெரிந்த பிறகும் நின்றாரே!

"மறுநாள் எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வண்டி பட்டறைக்குப் போயிடுச்சு. அப்புறம் உன்கிட்ட சொல்ல வாய் வரல."

வாய் வரவில்லையாம். சொந்தத் தங்கை கத்துகிறவரைக்கும் வாய் வரவில்லை.

மார்ச் 14, சனி

அவர் தட்டை நகர்த்திவைத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 16, திங்கள்

கரி அண்ணனிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "கையால லீவர இழுத்தேனே தவிர, ஆள உக்கார வச்சு காலால மிதிக்கச் சொல்லிப் பாக்கலியே! எல்லாத்துக்கும் மொதல்ல பாக்க வேண்டியது அதுதானே!" அப்புறம் மெதுவாக, "மச்சான் பயந்த சுபாவம். அடிச்சுகிடிச்சு வச்சுடாத" என்றார்.

நான் வண்டியில் பறக்கிறவள் என்பது பொய்யில்லை. தொங்கிய சக்கரத்தைப் பார்த்து நான் சிரித்தபோது பக்கத்தில் ஒரு மனிதர் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் என்னிடம் சண்டை போட்டிருக்கலாம், சாவியைப் பிடுங்கி வைத்திருக்கலாம். என் காலுக்கு அடியில், எனக்கே தெரியாமல், எப்படி மனசு வந்தது? இன்னும் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை.

கட்டையைத் தூக்கிப் போடவில்லை. ஸ்பானர் பெட்டியில் கிடக்கிறது. என்றைக்காவது அவர் தலையில் போட உதவும்.

மார்ச் 21, சனி

நாத்தனாரையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கூப்பிடாமலே இவர் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

மேட்டின் மறுபக்கம், பாதி ஏற்றத்தில் குழந்தை பாலுக்கு அழுதது. வண்டியை ஓரங்கட்டினேன். எருமையின் ஹாண்ட்பிரேக் என்றைக்குமே நம்பிக்கைக்கு உரியதல்ல. இவரிடம் பேசி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் வேறு வழியில்லை.

"பெட்டியில கட்டை இருக்கு. பின் சக்கரத்துக்கு அடியில வைங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இறங்கினார். எடுத்தார். குனிந்து, நேராக நிற்கிறதா என்று இரண்டு தரம் சரிபார்த்து வைத்தார்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, அன்னைக்கு நான் வலியில கெடந்தப்போ அண்ணன் கட்டை கட்டைன்னு கத்துச்சே. என்ன அது?"

இவர் சக்கரத்துப் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

"அதுவா? வண்டி பின்னால உருளாம இருக்கறதுக்கு உங்க அண்ணன் செஞ்சது" என்றேன்.

குழந்தை பால் குடித்து முடித்தது. அவர் கட்டையை எடுத்துத் துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து ஏறினார். முன்னால் பாறைத் திருப்பம். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கண்ணையும் மூடிக்கொண்டார்.

"போலாமா?" என்றேன்.

"மிதி" என்றார்.