கட்டிலுக்குக் கீழே கிடந்த நீலப் பை

மச்சான்,

வீடு மாறுகிறோம். காலையில் கட்டிலை நகர்த்தியபோது அந்த நீலப் பை வெளியே வந்தது. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்துத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. பெட்டிகளுக்கு நடுவே நின்ற மனைவி, "இஞ்சருங்கோ, இதையும் கொண்டுபோகப் போறியளோ?" என்று கேட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் வீடு மாறுவதே பெரிய அலுப்பு. அதற்குள் நீயும் வந்து சேர்ந்தாய்.

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு பை வாங்கியவன் நீதான். ஜெர்மனிக்கு வந்த புதிதில், அகதி விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்த காலம். பக்கத்து அறைக்காரனை ஊருக்குத் திருப்பி அனுப்பப் பொலிஸ் வந்த காலையில், சாமான் எடுக்க அவனுக்குக் கால்மணி நேரம் கொடுத்தார்கள். பதற்றத்தில் அவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனான். தாயின் படம் சுவரிலேயே தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நீ என்னிடம், "கால் மணித்தியாலம் தந்தா நீ எதையடா தூக்குவாய்?" என்று கேட்டாய். மறுநாள் பைகள் வந்தன.

இரண்டு பைக்குள்ளும் பத்திரங்களின் பிரதி, இரண்டு சட்டை, செபமாலை, சின்னப் போத்தலில் ஊரிலிருந்து கொண்டுவந்த மடு மாதா கோவில் மண். பிறகு விசா கிடைத்தது, கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறக்க அவர்களுடைய உடுப்பிலும் ஒவ்வொன்றை வைத்து மூடினோம். பிள்ளைகள் வளர்ந்து எங்களோடு ஜெர்மன் மொழியில் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். பை மட்டும் அங்கேயே கிடந்தது. ஏன் வைத்திருக்கிறோம் என்று நாமும் ஒருவரையொருவர் கேட்டதில்லை.

யூரோ வந்த வருடம், பட்டப்பகலில், நீ வேலை செய்த பானக் கடைக்குள் ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். நீ அவன் கையைப் பிடித்தாய், துப்பாக்கி கீழே விழுந்தது, நீ எடுத்தாய். அவன் ஒரு போத்தலை உடைத்துக்கொண்டு உன்னிடம் வந்தான். நீ ஒருமுறை சுட்டாய். மூன்றாம் நாள் அவன் மருத்துவமனையில் இறந்துபோனான். கடையில் வேறு யாரும் இருக்கவில்லை.

நீ பொய் சொல்கிறாய் என்று அரச வழக்கறிஞர் சொல்லவில்லை. குண்டு பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறது, அவன் உன்னிடம் வந்தானா, திரும்பி ஓடினானா என்று விசாரித்து முடியும்வரை நீ தப்பி ஓடிவிடக் கூடாது என்றுதான் சொன்னார். உனக்கு அமெரிக்காவில் தம்பி இருக்கிறான். வீட்டுச் சோதனையில் கட்டிலுக்குக் கீழே கட்டிவைத்த பை அகப்பட்டிருக்கிறது. வேறென்ன வேண்டும்? மடு மண்ணைக்கூட ஏதோ தூள் என்று ஆய்வுக்கு அனுப்பினார்கள். அந்தப் பை பல வருடமாக அங்கே கிடக்கிறது என்று நீ சொன்னதை நீதிபதி எழுதிக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. உன்னை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

உன் தம்பி தொலைபேசியில், "இஞ்ச எண்டா ஊர்ச் சனத்தில கொஞ்சப் பேரைக் கூப்பிட்டு இருத்தி, இதுக்கு வழக்குப் போடலாமோ எண்டு கேப்பாங்கள். அங்க அப்பிடி ஒண்டும் இல்லையோ அண்ணை?" என்று கேட்டான்.

"இஞ்ச ஒரு ஆளும் ஒரு ஃபைலும்தான்," என்றேன்.

இனி எழுதப்போவதை உன் முகத்துக்கு நேரே நான் சொன்னதே இல்லை. உன் வழக்கை எடுத்த பெண் சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டார். "உங்கள் ஆட்களிடம் இது வழக்கமா? உங்களிடமும் இப்படி ஒரு பை இருக்கிறதா? இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பிணைக்கு அது உதவும்," என்றார். என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது ஓர் அதிகாரியின் மேசையில் கிடந்தது. ஓடத் தயாராகப் பை கட்டி வைத்திருப்பவனுக்கு எந்த நாடு குடியுரிமை கொடுக்கும்? "இல்லை. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை," என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

உன் பிணை மனு தள்ளுபடியானது.

சிறையில் உன்னைப் பார்க்க வந்தது நினைவிருக்கிறதா? காவலருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக நீயும் நானும் ஜெர்மன் மொழியில் பேசினோம். வாழ்நாளில் அதற்கு முன் நாம் அப்படிப் பேசியதில்லை. நீ மெலிந்திருந்தாய். செத்தவனுக்குத் தாய் இருக்கிறாளா என்று விசாரிக்கச் சொன்னாய். பிறகு, "சட்டத்தரணி சொன்னார். பரவாயில்லை. உன் விண்ணப்பம் என்ன நிலையில் இருக்கிறது?" என்று கேட்டாய். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அதை அறிய விரும்பினாய். நீ ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக மனுப் போட்டார்.

நீதிபதி என்னை உள்ளே கூப்பிட்டுத் தன் கையாலேயே பையைத் திறந்தார். பத்திரங்களுக்கு அடியில் மகளின் மஞ்சள் சட்டை கிடந்தது. அவளுக்கு எத்தனை வயது என்று கேட்டார். பத்து என்றேன். சட்டை மூன்று வயதுக்காரிக்கானது. அதை விரித்துப் பிடித்து அரச வழக்கறிஞரிடம் காட்டினார். அரச வழக்கறிஞர் தன் கோவையைப் புரட்டி, உன் வீட்டில் எடுத்த சாமான் பட்டியலைக் கண்டுபிடித்து வாசித்தார்: "குழந்தைச் சப்பாத்து, ஒரு சோடி." உன் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பட்டியல் முதல் நாளிலிருந்தே கோவையில்தான் இருந்தது.

பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வாரம் இரண்டு முறை பொலிஸில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி, ஏழு வாரத்துக்குப் பிறகு உன்னை விட்டார்கள். சிறை வாசலில் நான் வாய் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய்: "ஏழு கிழமை எடுத்தனியடா. கால் மணித்தியாலம்தான் தருவாங்கள் எண்டு நான் சொன்னனான் எல்லோ?" சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாய். நான் சிரித்தேன். மன்னிப்புக் கேட்கத் திறந்த வாய், சிரிப்போடு மூடிக்கொண்டது. அதன் பிறகு கேட்கவே இல்லை.

ஒரு வருடம் கழித்து அரச வழக்கறிஞரிடமிருந்து உனக்குக் கடிதம் வந்தது. தற்காப்பு, வழக்கு இல்லை என்று இரண்டே பந்தியில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டு, "முடிஞ்சுது எண்டு எழுதியிருக்கிறாங்கள். எனக்கு முடியேல்லை மச்சான்," என்றாய். வருடாவருடம் அந்தச் செத்தவனுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தாய். அவன் பெயரைப் பங்குத்தந்தை வாசிக்கும்போது நீ நிமிர்ந்து பார்ப்பதில்லை. போன மாரிகாலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

என் குடியுரிமை கிடைத்தது. பை இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. எந்தத் தாளுக்காக உன்னை ஏழு கிழமை உள்ளே இருக்க விட்டேனோ, அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைத்தேன் தெரியுமா? இந்தப் பைக்குள்தான். இன்றைக்குத் திறந்தபோதும் மஞ்சள் சட்டைக்கு மேலே மடிப்புக் குலையாமல் இருந்தது.

மனைவி இன்னும் பதிலுக்காக நின்றாள். "ஓம், கொண்டுபோவம்," என்றேன். அடக்கப் பூசையில் தந்த உன் சின்னப் படம் என் பர்சுக்குள் இருந்தது. அதை எடுத்து அந்தத் தாளுக்கு மேலே வைத்துப் பையை மூடினேன். இனிக் கால்மணி நேரம்தான் தந்தாலும், உன்னை விட்டுவிட்டு வரமாட்டேன்.