கடலைப் பார்த்து நிற்கும் வண்டி

மார்ச் 12, செவ்வாய்

இன்று காலை என் வண்டியின் பின்னாலிருந்து ஒருவன் விழுந்து கை முறிந்துவிட்டது. நெற்றியும் கிழிந்தது. ரத்தம் மணலில் விழுந்ததை ஊரே பார்த்தது.

பெயர் நிக்காசியோ. வலை போடுகிறவன், முப்பது வயதிருக்கும். உப்பளத்துத் திருப்பத்தில் நின்று கை காட்டினான். இந்த வறண்ட ரோட்டில் கை காட்டுகிறவனை ஏற்றாமல் போனால் அதுவே ஒரு பேச்சாகிவிடும், நிறுத்தினேன். பின்னால் ஏறிக்கொள் என்றேன். தண்ணீர் டிரம் மேல் உட்கார்ந்து வந்தான். புவெர்த்தோ தூனா ஊருக்குள் நுழையும் இடத்தில் ஆடுகள் குறுக்கே பாய்ந்தன. பிரேக் போட்டேன். டிரம் உருண்டது, அவனும் உருண்டான். தப்பு யாருடையது? ஆட்டினுடையது. ஆட்டின் மேல் யார் வழக்குப் பேசுவது?

ஓய்வெடுக்க வந்தவள் நான். பிரஷர் ஏறிக் கிடக்கிறது, ஒரு வாரம் கடற்கரையில் படு, சரக்கு என்ற சொல்லே உன் வாயில் வரக்கூடாது என்று ரியோஹாச்சாவில் டாக்டர் சொல்லி அனுப்பினார். வந்து இறங்கும் முன்பே இது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் அப்பா வந்தார். நான் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்து அவர் கையில் திணித்தேன். அவர் மூடிப் பிடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. கை விரித்தபடியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் செய்தது தப்பென்று உறைத்தது.

இந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளான வயூ ஜனங்களோடு துணி விற்றே நான் ஆளானவள். அவர்கள் முறை எனக்குத் தெரியாதா? சிந்திய ரத்தத்தில்தான் அப்பனுக்குப் பங்கு. சதையும் எலும்பும் அம்மா வீட்டாருடையது. கேட்க வேண்டியவர் தாய்மாமன். அவரும் நேரில் பேசமாட்டார். நடுவில் சொல் கொண்டுவருகிறவர் ஒருவர் வர வேண்டும். அதுவரை குற்றப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எல்லாம் தெரியும். கை முந்திக்கொண்டது. வியாபாரக் கை.

மார்ச் 13, புதன்

காலையில் வண்டி முன்பக்கத்து மூடியின் மேல் என் நோட்டுக்கட்டு இருந்தது. காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல். ஒரு நோட்டுகூடக் குறையவில்லை.

நான் தங்கியிருக்கும் பந்தல் தெலெமினாவுடையது. தூளிப்படுக்கை வாடகைக்கு விடுகிறாள், மீன் பொரித்துத் தருகிறாள். அவளும் வயூதான். கல்லைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரு வச்சது?" என்றேன்.

"காத்து வைக்கலக்கா," என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யாரும் மிரட்டவில்லை. கடைக்காரன் நலம் விசாரிக்கிறான். படகுக்காரர்கள் தொப்பியைத் தொடுகிறார்கள். ஒருவனாவது திட்டினால் நிம்மதியாக இருக்கும். ஓடிப்போய்விடலாமா? போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பிறகு இந்த ரோடு எனக்குக் கிடையாது. ரோடு இல்லையென்றால் கடை இல்லை. அதுகூடப் பரவாயில்லை — சனிக்கிழமை என் மகன் யமித் சரக்கு ஏற்றிக்கொண்டு இதே வழியாகத்தான் வருவான். நான் தீர்க்காததை என் வயிற்றில் பிறந்தவனிடம் கேட்கலாம். அதுவும் முறைதான். எப்படிக் கேட்பார்கள் என்று இங்கே எழுதமாட்டேன்.

சாயங்காலம் கலங்கரை மேட்டில் ஏறினேன். போன் அங்கேதான் எடுக்கும். சனிக்கிழமை வராதே என்று யமித்திடம் சொன்னேன், காரணத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

"உன்னப் புடிச்சு வச்சிருக்கானுங்களா?"

"யாரும் புடிக்கலடா. நானா உக்காந்திருக்கேன்."

"அப்படின்னா நான் வரேன்."

"வராதேன்னுதானடா சொல்றேன், காது கேக்குதா இல்லையா?" — அதற்குள் கம்பி அறுந்த மாதிரி லைன் போனது. இவனைப் பெற்றதற்கு ஒரு கழுதையைப் பெற்றிருக்கலாம். அதுவாவது சொன்னால் நிற்கும்.

மார்ச் 14, வியாழன்

எவரும் வரவில்லை. காப்பி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

சொல் கொண்டுவருகிறவர் வந்தார். பெயர் ஒத்தோனியெல். ஓலைத்தொப்பி, கையில் மெல்லிய கோல், காலில் பூக்குஞ்சம் வைத்த செருப்பு. தூளியில் உட்கார்ந்து வடக்குக் காற்றைப் பற்றிப் பேசினார். பிறகு என் ஊர் மழையை, என் தாயார் இருக்கிறாரா என்பதை, ஆட்டுக்கு வந்த நோயை. எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது.

"விஷயத்துக்கு வாங்கய்யா," என்று சொல்லியே விட்டேன்.

"வந்துக்கிட்டுதாம்மா இருக்கேன். சொல்லு கழுத மேல வருது. வெரட்டினா கவுத்துப்புடும்."

கடைசியில் இறக்கி வைத்தார். மாமன் பெயர் செர்வாந்தோ. அவர் கேட்பது முப்பது ஆடு, ஒரு கோவேறு கழுதை, பழைய சிவப்புக் கல்மாலை இரண்டு. இல்லையென்றால் வண்டி.

ஒரு கைக்கு ஒரு வண்டியா? பத்து ஆடு என்றேன். சந்தையில் சொல்வது போலச் சொன்னேன், குரலும் அப்படியே வந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் சொல்லத் தூக்குறவன்மா, பேரத்தத் தூக்குறவன் இல்ல. நீங்க அப்பன் கையில குடுத்த காசு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'இந்தா மீனுக்கு விலை, தராச மூடு'ன்னு சொல்லுச்சு. இப்ப பத்துன்னு இன்னொன்னு. இதையும் நானே தூக்கிட்டுப் போகணுமா?"

வேண்டாம் என்றேன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவர் போன பிறகு தெலெமினா மீன் தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி மூஞ்சி ரோட்டப் பாத்து நிக்குது. வந்த நாள்லருந்து அப்படியேதான் நிக்குது. எல்லாரும் அதத்தான் பாக்குறாங்க."

சந்தையில் நிறுத்துகிற பழக்கம். சட்டென்று கிளம்பத் தோதாக. இதை நான் கவனிக்கவே இல்லை.

இங்கே பந்தலுக்கும் கடலுக்கும் நடுவே மணல் இளகல். வண்டியைத் திருப்பி நிறுத்தினால் நான்கு பேர் தள்ளாமல் மறுபடி எடுக்க முடியாது. வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரி, இருக்கிற ஒரே வழியையும் நீயே அடைக்கப்போகிறாயா?

திருப்பினேன். வண்டி இப்போது கடலைப் பார்த்து நிற்கிறது. பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது.

மார்ச் 16, சனி

யமித் வந்துவிட்டான். சரக்கை வழியில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு. சட்டைக்கடியில் இடுப்பு புடைத்திருந்தது. எனக்குப் புரிந்தது, படகுப் பக்கம் நின்றவர்களுக்கும் புரிந்தது. வலை முடிந்துகொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

அவன் எஞ்சினை அணைக்கவில்லை. வண்டி ரோட்டைப் பார்த்து நின்றது.

"ஏறும்மா."

"எறங்கி வந்து சாப்புடு."

"அம்மா, ஏறுன்றேன்ல!"

படகுப் பக்கமிருந்து ஆறேழு பேர் நடந்து வந்தார்கள். அவசரமில்லாமல். அவர்களுக்கு நடுவில், முறிந்த கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்ட கட்டோடு நிக்காசியோ. நான் யமித்தின் கதவைத் திறந்தேன். கையை அவன் சட்டைக்குள் விட்டேன், சின்னப் பிள்ளையின் மூக்கைத் துடைப்பது போல. எடுத்த துப்பாக்கியைத் தெலெமினாவின் மீன் கூடையில் போட்டேன். அவள் அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தினாள்.

பிறகு சொன்னேன்: "வண்டியத் திருப்பு. என் வண்டி பக்கத்துல, கடலப் பாத்து நிறுத்து."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அழுகை இருந்தது. திருப்பினான். மணலில் மாட்டிக்கொண்டது. வந்தவர்களில் இரண்டு பேர், கூப்பிடாமலே, பின்னால் நின்று தள்ளிக்கொடுத்தார்கள். கடலைப் பார்த்து.

இப்போது பக்கத்துத் தூளியில் கால் நீட்டித் தூங்குகிறான். எனக்கு இன்னும் நெஞ்சு அடிக்கிறது. டாக்டர் சொன்ன ஓய்வு!

மார்ச் 17, ஞாயிறு

ஒத்தோனியெல் காலையில் வந்தார். இன்று காற்று, மழைப் பேச்சு எதுவும் இல்லை.

"செர்வாந்தோ ஒன்னே ஒன்னு கேக்கச் சொன்னாரு. அன்னிக்கு வண்டியில முன் சீட்டு காலியாவா இருந்துச்சு?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. வழியில் இறங்கிய கிழவி ஒருத்தியை அங்கே உட்காரவைத்திருக்கலாம். ஆனால் ஊருக்குள் வந்து நின்ற வண்டியை எல்லாரும் பார்த்தவர்கள்தானே. பார்த்ததைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்கிறேனா என்று கேட்கிறார்கள்.

"காலியா இல்லய்யா. கரண்டுக் காத்தாடி இருந்துச்சு. புதுசு, பொட்டியோட."

யமித் களுக்கென்று சிரித்துவிட்டான். ஒத்தோனியெல் சிரிக்கவில்லை. கோலை எடுத்துக்கொண்டு போய், வெயில் தாழத் திரும்பி வந்தார். மாமன் சொன்னதை மாமன் குரலிலேயே சொன்னார்:

"காத்தாடி முன்னால உக்காந்து வந்துச்சு. என் மருமவன் பின்னால டிரம்மு மேல உக்காந்து வந்தான். கை ஒடிஞ்சது ஆட்டாலன்னே வச்சுக்குவோம். இது யாரால?"

யோசித்தால் — அவனை ஏற்றும்போது முன்னால் உட்கார் என்று சொல்லத் தோன்றவே இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தாலே போதும். அட்டை நசுங்கினால் பிறகு விற்கும்போது விலை குறையும் என்று எண்ணினேன். இதுதான் நிஜம், இங்கேயாவது எழுதுகிறேன்.

"என்னாலதான்னு சொல்லிடுங்க," என்றேன். எத்தனை ஆடு என்று கேட்கவில்லை.

அவர் முதல்முறையாகத் தொப்பியைக் கழற்றினார். "இத சுமக்க முதுகு வலிக்காது," என்றார்.

மார்ச் 18, திங்கள்

நிக்காசியோ நண்டு கொண்டுவந்தான், ஒரு கையால். வலிக்கிறதா என்றேன். "ராத்திரி மட்டும்," என்றான். யமித்தும் அவனும் வெகுநேரம் எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள்.

மார்ச் 19, செவ்வாய்

முடிந்தது. ஒத்தோனியெல் நடுவில் உட்கார, செர்வாந்தோ தன் பந்தலிலும் நான் இந்தப் பந்தலிலும் இருந்தபடியே. நான் அவர் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. ஊரார் எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு வண்டியையும் மணலிலிருந்து தள்ளி ரோட்டைப் பார்க்கத் திருப்பிக் கொடுத்தார்கள். அதுதான் சம்மதம் என்று தெலெமினா சொன்னாள்.

பதினெட்டு ஆடு மாமன் வீட்டுக்கு. சிவப்புக் கல்மாலை ஒன்று நிக்காசியோவின் அம்மாவுக்கு. ரத்தத்துக்காக இரண்டு ஆடு அப்பாவுக்கு. கழுதை வேண்டாம். காத்தாடியும் வேண்டாம். இந்த ரோட்டில் நிக்காசியோ கை காட்டும் இடத்திலெல்லாம் என் வண்டியும் என் மகன் வண்டியும் நிற்க வேண்டும். அவன் உயிரோடு இருக்கும்வரை முன் சீட்டு அவனுக்கு.