ரசம் வைக்காத கான்கிரீட்

சும்மாடு தேய்த்து முடி கொட்டிய உச்சந்தலையோடு போய்ச் சேர்ந்த என் அம்மாவுக்கு,

நேற்று நம்ம கான்கிரீட் கட்டி சோதனையில் ஜெயித்துவிட்டது. அதை முதலில் உன்னிடம்தானே சொல்ல வேண்டும்?

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்துக்கு ராஜஸ்தானிலிருந்து மூட்டை மூட்டையாகப் பாலைவன மணல் வந்தது. கையில் எடுத்தால் கேப்பை மாவு மாதிரி வழுக்கும். காற்று உருட்டி மழுக்கிய மணல், ஒன்றையொன்று பிடிக்காது. இதிலா கான்கிரீட் என்று நீ சிரித்திருப்பாய். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஆற்றைப் பார்த்தால் சிரிப்பு வராது. பெண்ணையாற்று மணலை அள்ளி விற்றவன் எவனும் அங்கே குடியில்லை. கிணறு வற்றியவர்கள்தான் இருக்கிறார்கள்.

பிடிப்புக்காகப் பெருமுக்கல் பக்கத்துக் கல்தூளைச் சேர்த்தோம். சிமெண்டைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடுத் தூளும் போட்டோம்.

முதல் கலவையில் நான்தான் தப்பு செய்தேன். அந்த மாவு மணல் தண்ணீரைக் குடித்துவிட்டு இறுகி நின்றது. கூட வேலை செய்யும் முருகன் அண்ணன், "எறங்கவே மாட்டேங்குது, ஒரு ஜக்கு ஊத்து, ஜல்தியா முடிச்சிடலாம்" என்றார். ஊற்றினேன். பதிவேட்டில் எழுதவில்லை. இருபத்தெட்டாம் நாள், எவ்வளவு பாரம் தாங்கும் என்று அழுத்தி உடைத்துப் பார்க்கும் இயந்திரத்தில் வைத்ததும் கட்டிகள் பொரி உருண்டை மாதிரி உதிர்ந்தன. மணல் உதவாது, திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் பேராசிரியர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மணல்மேலேயே போயிருக்கும். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டபோது, கலவை லேசாக ஓடட்டும் என்று மேஸ்திரி வாளி வாளியாக ஊற்றினாராம். "இன்னா மேஸ்திரி, கான்கிரீட் போடுறீங்களா, ரசம் வைக்கிறீங்களா? பசங்க தலைக்கு மேல நிக்கப்போற கூரை இது" என்று கேட்டாயாம். "சித்தாளுக்கு இன்னா தெரியும்? சட்டிய தூக்கு" என்றாராம். சாயங்காலம் நீயே இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். மறுநாள் உன்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த மழைக்கே அந்தக் கூரை ஒழுகியது. நீ சொன்னது சரி என்று ஒருத்தராவது வந்து சொன்னார்களா?

வேலை போனாலும் போகட்டும் என்று ஜக்குத் தண்ணீரை ஒப்புக்கொண்டேன். பேராசிரியர் நன்றாகத் திட்டினார். பிறகு, மறுபடி செய் என்றார். இந்த முறை ஒரு சொட்டுக்கூடக் கூட்டவில்லை. தோள் இற்றுப்போகக் கிளறினோம். நேற்று இயந்திரத்தின் முள், ஒப்பிட்டுப் பார்க்க வார்த்திருந்த ஆற்றுமணல் கட்டி உடைந்த இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. "மெஷினு பேஜாராயிடப் போவுது" என்றார் முருகன் அண்ணன்.

இதனால் நம்ம ஆறு திரும்பி வராது. அவ்வளவு தூரத்திலிருந்து மணலை லாரியில் கொண்டுவந்து இங்கே வீடு கட்டுவதும் பைத்தியக்காரத்தனம். ஆனால் பாலைவனத்து ஊர்க்காரர்கள் ஆற்றைத் தோண்டாமல் கட்டலாம். அதுவே பெரிசு.

ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர் வராது. அதனால் இங்கே எழுதுகிறேன்: கன்னியம்மா, சித்தாள், சிமெண்டுத் தூசியில் நெஞ்சடைத்துச் செத்தவள், சொன்னது சரி.

அடுத்த மாதம் நம்ம காலனி அங்கன்வாடிக்குக் கூரை போடுகிறார்கள். எந்த மணலானாலும் சரி, கலவை போடும் இடத்தில் நான் நிற்பேன். வாளியோடு வருகிறவர் என்னைத் தாண்டித்தான் ஊற்ற வேண்டும்.

சட்டி தூக்கிய கன்னியம்மாவின் மகள்,
செல்வி