எங்க வூட்டு அண்ணன்

ஜூலை 12
அவர் போய் ஒரு வருஷம். கருவாட்டுக் குழம்பு, வடை, அவருக்குப் பிடித்த குவார்ட்டர் எல்லாம் வைத்துப் படைத்தேன். கற்பூரம் காட்டியதும் கொழுந்தனார் கோதண்டராமன் பாட்டிலைத் திறந்து என் மகன் சுபாஷ் கையில் கொடுத்தார். "அப்பனுக்கு வச்சத புள்ள தொடாம வேற எவன் தொடுவான்? குடிடா." பன்னிரண்டாவது படிக்கிற பையன்! எனக்குச் சுருக்கென்றது. படையலாச்சே என்று வாயை மூடிக்கொண்டேன். இருமாமல் குடித்தான். முதல் தடவை குடிக்கிறவன் இருமமாட்டானா?

ஜூலை 27
மறுபடி வாடை. கேட்டால், "நீதான படையல்ல வச்ச, இப்ப இன்னா கேக்கற?" என்கிறான். கன்னத்தில் ஒன்று விட்டேன். என் கைதான் வலித்தது.

ஆகஸ்ட் 9
பள்ளிக்கூடத்துக்கே போவதில்லையாம். ஏரிக்கரையில் இரண்டு தறுதலைகளோடு குடி.

ஆகஸ்ட் 14
எங்கள் பின்பக்க ரூமில் வாடகைக்கு இருக்கும் நயினாரை அடித்துப்போட்டுப் போனைப் பிடுங்கிவிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறான். வலது கை நொறுங்கிவிட்டது. போலீசிடம் "யாருன்னு தெரியல சார்" என்றான். அவர்கள் போனதும் நான் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மொகத்த மூடியிருந்தானுவக்கா. நான் கத்துனதும், ராடு வச்சிருந்தவன் ‘டேய், எங்க வூட்டு அண்ணன்டா’ன்னான். பொறவுதான் விட்டானுவ."
கடவுளே. நான் பெத்ததா?

ஆகஸ்ட் 15
"நீயாடா?" தலை குனிந்தான். "போதைல ஆள் தெர்லம்மா. அண்ணன்னு தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்க மாட்டேன்."
"அப்போ வேற எவனாவதுன்னா அடிச்சிருப்பியா? அவனயும் ஒருத்தி பெத்துதானே அனுப்பியிருப்பா?" என்றேன்.
கொழுந்தனார் ஓடி வந்தார். "அடிபட்டவனே காட்டிக்குடுக்கல. நீ இன்னாத்துக்கு அண்ணி வாயத் தொறக்கற?" நயினார் பயந்துபோய் மறைக்கிறான். வீட்டுக்காரியின் மகனாயிற்றே. அந்தப் பயத்தை வைத்து நான் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்வதா? ச்சீ.

ஆகஸ்ட் 16
ஸ்டேஷனுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

செப்டம்பர் 7
கூர்நோக்கு இல்லத்தில் பார்க்க விட்டார்கள். இளைத்துவிட்டான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். "அண்ணன் எப்டி கீறாரு?" என்றான்.
"ஊருக்குப் போய்ட்டாரு. அந்தக் கையால இனிமே ஸ்குரூ முடுக்க முடியாதாம். கம்பெனில வேணான்னுட்டாங்க."
பெஞ்சில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். என் கை தன்னால் அவன் தலைக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டேன். அழட்டும்.