ஈரச் சீப்பு

காரைக்கால்
1953, ஆடி மாதம்

சைகோனில் இருக்கும் என் கண்ணான மகன் நூகுவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாய் இருக்கிறாய் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன், அந்த நினைப்பை நீதான் மெய்யாக்க வேண்டும். இங்கே வாப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, புயலில் போன ஓடெல்லாம் மாற்றியாயிற்று, கொல்லை முருங்கை திரும்பத் துளிர்த்துவிட்டது, எனக்கும் சோறு இறங்குகிறது. உன் கடிதம் கிடைத்தது. அங்கே நம் பக்கத்து ஆள் ஒருவர் மவுத்தாகி, குளிப்பாட்டி அடக்க ஆள் பற்றாமல் உன்னைக் கூப்பிட வந்தார்கள், கடையில் வேலை இருக்கு, அவரு எனக்கு யாரு என்று சொல்லி அனுப்பிவிட்டேன் என எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மகனே. உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன கார்த்திகைப் புயலில் திருவேட்டக்குடியில் உன் லாத்தா, என் மூத்த மகள் ஷரீபுன்னிசா வாழ்ந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது, அவள் மையித்து கிடைக்கவில்லை என்றுதானே எழுதினோம். நடுவில் ஒன்று நடந்தது. நாலாம் நாள், அவளைச் சுரக்குடியில் உயிரோடு பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். வாப்பா வண்டி கட்டிக்கொண்டு போனார், நான் அவளுக்காக உலை வைத்தேன். அந்நேரம் அஜீசுன்னிசா வந்தாள், நம் ஊர்ப் பெண் மையித்துகளைக் கூலி வாங்காமல் குளிப்பாட்டுகிறாளே, அவள்தான். காரைக்கால்மேட்டில் மூன்று பெண்கள் கரை ஒதுங்கியிருக்கிறார்கள், முகம் தெரியவில்லை, காது வரிசையாகக் குத்தியிருப்பதால் நம்மவர்கள்தான், தண்ணி ஊத்த ஒரு கை வேணும், வாங்க லாத்தா என்றாள். எம் மவ உசுரோட வரப்போற நேரத்துல மையித்தத் தொடச் சொல்றியே, ஒனக்கு வேற வாசலே கெடைக்கலியா என்று ஏசினேன். அவள் திரும்பிப் பார்த்து, அதுங்களுக்கும் எங்கயோ ஒரு உம்மா உலை வச்சிருப்பா லாத்தா என்று சொல்லிவிட்டுப் போனாள். சுரக்குடியில் இருந்தது வேறு யாரோ. வாப்பா வெறும் வண்டியோடு வந்தார்.

உன் லாத்தாவின் நாற்பதாம் நாள் கழிந்து அஜீசுன்னிசாவிடம் கேட்டேன். வேறு யாரும் வரவில்லையாம், ஒற்றை ஆளாய் இரண்டு பேரைக் குறையில்லாமல் செய்தாளாம். மூன்றாவது பெண்ணுக்கு நேரமாகிவிட்டதால், முடியில் இருந்த மணலைச் சீவி எடுக்கவும், முறைப்படி மூன்று பின்னல் போடவும் முடியாமல், அப்படியே கபன் துணி சுற்றிவிட்டாளாம். முடி முழங்கால் வரைக்கும் கெடந்துச்சு லாத்தா என்றாள். உன் லாத்தா முடி உனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் புழங்கிய சீப்பு இங்கே மாடத்தில் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. ஒரு நாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுப் பார்த்தால் அது நனைந்திருந்தது, பல்லிடுக்கில் மணல். ஓட்டு ஒழுக்கு என்றார் வாப்பா. மழையே இல்லை. அன்று மதியம் லுஹருக்கு முன்னால் தெருவில் ஒரு மவுத்துச் செய்தி வந்தது, கூப்பிடாமலே போனேன். அந்தப் பெண்ணுக்கு என் கையால் சீவி மூன்று பின்னல் போட்டு வீட்டுக்கு வந்தேன், சீப்பு காய்ந்து கிடந்தது. அதிலிருந்து ஏழு பேர். ஏழு தடவையும் சீப்பு முதலில் நனைந்தது, பிறகுதான் கூப்பிட ஆள் வந்தது. ஒருத்திகூட நமக்குச் சொந்தமில்லை. என்னோடு பத்து வருஷம் பேசாத எதிர்வீட்டுக் கமர் நிஷாவும் அதில் ஒருத்தி. சீப்பு பட்டதும் அவள் தலை தானாக என் பக்கம் சாய்ந்தது. உசுரோட இருக்கையில மொகத்தத் திருப்பிக்கிட்டவ, இப்ப என்னமா தலையக் குடுக்குறா பாருங்க என்றாள் அஜீசுன்னிசா. எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்போடே மூன்றாவது பின்னலை முடித்தேன். யாரோ எவரோ என்று எல்லா உம்மாவும் கதவைச் சாத்தினால், நம் பிள்ளை எந்தக் கரையில் ஒதுங்கினாலும் மணலோடுதான் போகும். நான் சாத்தியவள், அதனால் சொல்கிறேன்.

இன்று காலையிலும் சீப்பு நனைந்திருக்கிறது. பொழுது சாய்ந்து அஸரும் ஆகிவிட்டது, யாரும் வரவில்லை. நானே அஜீசுன்னிசா வீட்டுக்குப் போய்க் கேட்டேன், ஊருல யாருக்கும் ஒண்ணுமில்ல, நீங்க போயி செத்த நேரம் படுங்க லாத்தா என்றாள். வெயிலில் வைத்துப் பார்த்தேன், உலரவில்லை. நான் நினைப்பதை எழுத மாட்டேன். அந்த ஊரில் இனி யார் கூப்பிட்டாலும் கடையைப் பூட்டிவிட்டுப் போ, தண்ணீர் ஊற்று, யார் என்று கேட்காதே. குளித்தால் தலையை நன்றாகத் துவட்டு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், பக்கத்தில் நல்ல மனிதர்களையும் தருவானாக. இது கிடைத்த கையோடு ஒரு வரி போடு, உன் கையெழுத்தில் போடு. வேறு யார் கையெழுத்திலும் எனக்குக் கடிதம் வர வேண்டாம்.

வாசலைப் பார்த்திருக்கும் உன் உம்மா,
மெஹர் பானு