வலப்பக்கம் காலி

சிர்சி,
ஜூலை 9

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு, நாகவேணி எழுதுவது.

நானும் மேதினியும் சௌக்கியம். மழைதான் விடவில்லை. ஹுப்பள்ளியில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

என் நாலாம் வகுப்புக்கு இந்த வாரம், ஒரே கதையை இரண்டு பேர் பக்கமிருந்தும் படித்துப் பார்க்கும் பாடம் நடத்தினேன். தோட்டத்தில் புகுந்த குரங்கு ஒரு பக்கம், தோட்டக்காரர் மறுபக்கம். கணபதி ஹெக்டேயின் மகன் எழுந்து, "குரங்குக்கு என்ன பக்கம் அக்கோரே? எங்க வாழையை வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க!" என்று குதித்தான். உடனே பின்பெஞ்சு சுவர்ணா, "காட்டை வெட்டித் தோட்டம் போட்டீங்களே, அதுங்களைக் கேட்டுக்கிட்டா போட்டீங்க?" என்றாள். அம்மாடி, வகுப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டுப்பாடம் வேறு கொடுத்தேன். தாளை நடுவில் மடித்து, வீட்டில் நடந்த ஒரு சண்டையை எழுத வேண்டும். இடப்பக்கம் ஒருவர் சொல்வது, வலப்பக்கம் மற்றவர் சொல்வது. நம் மகளும் என் வகுப்புதான் என்பதை மறந்து, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

மேதினி நம் சண்டையை எழுதியிருக்கிறாள். இடப்பக்கம் முழுக்க நான். 'நம்மளை விட்டுட்டுப் போயிட்டார்' என்று பக்கத்து வீட்டில் நான் புலம்பியது வரை ஒரு வார்த்தை விடவில்லை. வலப்பக்கம் 'அப்பா' என்று தலைப்பு. கீழே ஒன்றுமில்லை.

ஏன் பாதியில் விட்டாய் என்று அதட்டினேன். பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் போல என்னை டீச்சராக மட்டுமே பார்த்து 'அக்கோரு' என்றே கூப்பிடுகிறவள், "அப்பா பக்கம் எனக்குத் தெரியாதேம்மா. நீ சொன்னதுதானே தெரியும்" என்றாள்.

எனக்குத் தெரியுமே. உங்களுக்கு வேலை கிடைத்ததும் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் அங்கே வீடு பார்த்தீர்கள். அவளுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்தீர்கள். நானோ எனக்கு அந்த ஊருக்கு வந்த மாறுதலை, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளை விட்டுவர மனசில்லை. அதையாவது உங்களிடம் சொன்னேனா? தப்புதான்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். சிவப்பு மை படவில்லை. வலப்பக்கத்தை நீங்களே எழுதுங்கள், என்னைத் திட்டினாலும் சரி. தபாலில் மட்டும் அனுப்ப வேண்டாம். ஞாயிறு காலை பஸ்ஸில் கொண்டுவந்து அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்கிறேன். பத்ரொடெ அவிக்கச் சேம்பிலை பறித்து வைக்கிறேன்.

மாரிகாம்பா அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இடப்பக்கத்துக்காரி,
நாகவேணி